பாகுப் பதம் பார்த்த விரல்

வைகாசி 10, வியாழன்.

நேற்று ஊறவைத்த நன்னாரி வேர்த் தண்ணீரில் சீனி போட்டு, பேரப்பிள்ளைகளுக்கு சர்பத் காய்ச்சினேன். கம்பிப் பதம் பார்க்க, கொதிக்கும் பாகை இரு விரலால் தொட்டேன்.

“ஐயோ மாமா, கையை எடுங்க! சுடலையா?” என்று மருமகள் கத்தினாள்.

“பழக்கம்மா” என்றேன்.

“இரும்பு விரல்தான் உங்களுக்கு!” என்று சிரித்தாள்.

விரல் கொப்பளித்துவிட்டது, வலியே இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் வந்து இருபது வருடம். போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர், “கால் மரத்துப்போகுதா?” என்று கேட்டபோது இல்லை என்றேன். பயத்தில்தான் சொன்னேனோ என்னவோ.

சற்று முன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கிறது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கிறது.

பழைய சர்பத் பாட்டிலை நான் கீழே போட்டு உடைத்தது திங்கட்கிழமை.