ஐம்பதும் அறுபதும்: ஒரு பழைய தீர்ப்பின் திருத்தம்

ஓசூர்,
8 பிப்ரவரி, ஞாயிறு.

அன்புள்ள முனிலட்சுமிக்கு,

குருமூர்த்தி எழுதிக்கொள்வது. நானும் ஹரிணியும் சௌக்கியம். அந்த ஹங்கேரிப் பனியில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இருவரின் வேண்டுதல்.

உங்கள் கம்பெனி விமல்ராஜ் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். அவனிடம் கொடுத்தனுப்பும் பார்சலில் கேழ்வரகு மாவு மூன்று கிலோ, பருப்புப் பொடி, உன் சிவப்பு ஸ்வெட்டர் எல்லாம் இருக்கின்றன. மாவுப் பைக்கு மேல் இந்தக் கடிதம். தினமும் போனில் பார்க்கிற மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. உன் முகத்தைப் பார்த்துவிட்டால் முக்கியமான விஷயம் எதுவும் எனக்கு வாயில் வருவதில்லை. தண்ணீர் லாரி எப்போது வந்தது என்பதுதான் வருகிறது.

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கிறாயா, திரும்புகிறாயா என்று 20ஆம் தேதிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். "உன் இஷ்டம்" என்றேன். அடுத்த மூச்சில் தண்ணீர் லாரிக்குப் போய்விட்டேன். அதிலிருந்து உன் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு அது நல்ல சேதி. எனக்கு மானம் போகிற சேதி.

போன மாதம் லாஃப்டைச் சுத்தம் செய்தபோது, பள்ளி நாளில் நாம் கேம் ஆடிய நம் இரண்டு கம்ப்யூட்டர்களும் கிடைத்தன. அப்பாவின் சிநேகிதர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த என் ஸ்பெக்ட்ரம், அதன் ரப்பர் பட்டன்களோடு. சிகாகோவிலிருந்து உன் மாமா சுமந்து வந்த உன் கொமடோர், அதன் கனமான டிரான்ஸ்ஃபார்மரோடு. கூடவே பதினொரு கேசட்டுகளும், நம் ஒப்பீட்டு நோட்டும். நோட்டின் அட்டையைக் கரப்பான் தின்றிருந்தது. உள்ளே உன் கையெழுத்து அப்படியே இருந்தது.

இரண்டையும் ஹரீஷ்குமாரிடம் கொடுத்தேன். சிப்காட் பக்கம் கடை வைத்து, ஃபேக்டரி மெஷின்களின் கன்ட்ரோல் போர்டுகளைச் சரிசெய்கிற பையன். அத்திப்பள்ளிக்காரன், பாதி கன்னடம் பாதி தமிழில் பேசுவான். ஸ்பெக்ட்ரம் இரண்டு நாளில் உயிர்த்தது. கொமடோருக்குப் பவர் சப்ளையைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததால் இன்னும் பத்து நாள் வேண்டும் என்றான்.

ஸ்பெக்ட்ரம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையை நீ பார்த்திருக்க வேண்டும். ஹரிணி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு, லோட் கொடுத்து, சத்தத்தையும் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். அந்தக் கீச்சுக் கூச்சல் ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது, கீழ் வீட்டு வெங்கடம்மாள் மேலே வந்து, மிக்ஸி எரிகிறது, சுவிட்சை அணையுங்கள் என்று பதறினார். ஒரு கேம் ஏற ஐந்து நிமிஷமா, இந்த நேரத்தில் நெரிசலில்கூட அத்திப்பள்ளி டோல்கேட்டையே தாண்டிவிடலாமே என்றாள் உன் மகள். உன் அம்மாவின் மெஷினில் இன்னும் மெதுவாக ஏறும் என்றேன். முப்பத்தேழு வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா.

அதற்குள் அவள் நோட்டைப் பிடுங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே ஆட்டத்தை இரண்டு மெஷினிலும் ஆடிப் பார்த்து நிறம், சத்தம், கைக்கு வசதி, நியாயம் என்று நான்கு கட்டத்தில் மார்க் போட்டிருந்தோமே, அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பெங்களூர் மெஜஸ்டிக் பக்கத்துக் கடையில் காப்பி எடுத்த கேசட்டுகள்தானே, பெயர்ச் சீட்டே கிடையாது. நாமே வைத்த பெயர்கள்தான் எல்லாம். பாறை விழுகிற ஆட்டம், தவளை ரோடு தாண்டுகிற ஆட்டம், வெறும் கோடுகளாலேயே வரைந்த கோட்டுக் கப்பல். கோட்டுக் கப்பலுக்கு நீ எழுதியிருந்தாய்: "ஸ்பெக்ட்ரத்தில் கோடுகள் சட்டென்று திரும்புகின்றன. எனக்கு இதை எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மை." உனக்கு அப்போது பதினைந்து வயது. இன்றைக்கும் ஆடிட் ரிப்போர்ட்டை இப்படித்தான் எழுதுகிறாய் என்று விமல்ராஜ் சொல்கிறான்.

நான் எழுதியவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மெஷினில் மனிதன் பச்சை மரத்தைத் தாண்டினால் மனிதனும் பச்சையாவான், சிவப்புக் கதவைத் தாண்டினால் சிவப்பாவான். அதற்கு நான் பத்துக்கு ஒன்பது போட்டு, "இயற்கையான நிழல்" என்று காரணம் எழுதியிருக்கிறேன். கொசு மாதிரி ஒற்றைச் சத்தம்தான் அதற்கு வரும். அதற்கு எட்டு. உன் கொமடோரின் பாட்டைக் கேட்க, நாம் அப்போது குடியிருந்த குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். அதற்கு ஆறு, "கவனம் சிதறுகிறது" என்று. நிறத்துக்கு உனக்குப் பூஜ்யம். அமெரிக்க மெஷின் நம் ஊர் டி.வி.யில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பூட்டி வைத்திருந்த பி.பி.சி. கம்ப்யூட்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வாரத்துக்குப் பத்து நிமிஷம்தான் தொட விடுவார்கள். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். நம் இருவருக்குமே அதன்மேல் பொறாமை. "பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வராது" என்று இருவரும் சேர்ந்து எழுதிய ஒரே வரி அதுதான்.

கடைசிப் பக்கத்தில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. 1988 மே மாதம், பாறை ஆட்டத்தில் இறுதிப் போட்டி. நான் என் மெஷினில், நீ உன் மெஷினில். டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த தமிழரசன் அண்ணன்தான் நடுவர். நான் 4,360. நீ 4,180. "ஸ்பெக்ட்ரமே சிறந்தது. அதை ஆடுபவனே சிறந்தவன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அதன் பலத்தில்தான் நான் குடும்பமே நடத்தினேன். ஃபிரிட்ஜ் எந்தக் கம்பெனி, ஊத்தங்கரைக்கு எந்த வழி, குழந்தைக்கு என்ன பெயர், எதற்கென்றாலும் தீர்ப்பு யார் பக்கம் என்று கேட்பேன். பெயர் விஷயத்தில் மட்டும்தான் நீ மசியவில்லை.

அந்தப் போட்டிக்கு முன்னால் நீ ஒன்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "ஒரு ரவுண்டு எடம் மாத்தி உக்காரலாம் குரு. நீ என்னுதுல ஆடு, நான் உன்னுதுல ஆடறேன்." நான் முடியாது என்றேன். அவரவர் மெஷின் அவரவருக்கு என்று பெரிய நியாயம் பேசினேன். தமிழரசன் அண்ணனும் தலையாட்டிவிட்டார்.

போன வாரம் ஹரீஷ்குமார் போன் செய்து கடைக்கு வரச் சொன்னான். கொமடோரைத் திறந்து வைத்து, ஒரு சிப்பின் மேல் இருந்த எண்ணைக் காட்டினான். 6567. "சார், இது அமெரிக்கா சிப்பு. கலர் மட்டும் இல்ல சார் ப்ராப்ளம். ஸ்பீடே வேற." ஐரோப்பா மெஷின் நொடிக்கு ஐம்பது முறை படம் வரையும், அமெரிக்கா மெஷின் அறுபது முறை வரையும். நம்மிடம் இருந்த கேசட்டுகள் எல்லாம் ஐம்பதுக்கென்று எழுதியவை. அறுபதில் ஓட்டினால் பாறையும் வேகமாக விழும், பூச்சியும் வேகமாகத் துரத்தும். ஐந்துக்கு ஒரு பங்கு கூடுதல் வேகம். கலர்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹரிணி லேப்டாப்பில் கொமடோர் மாதிரியே நடக்கிற ஒரு புரோகிராமைப் போட்டாள். அதில் ஐரோப்பா, அமெரிக்கா என்று மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் வைத்து ஆடினேன், இந்த வயதிலும் 3,900 வந்தது. அமெரிக்காவில் வைத்தாள். 1,150. கை பழகவில்லை என்று சொல்லி இன்னொரு முறை ஆடினேன். 980. சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, கண் எரிய எரிய ஆடி, இன்று மதியம்தான் 1,700 தொட்டேன். அந்த மெஷினில், கறுப்பு வெள்ளையில், பதினைந்து வயதில் நீ 4,180 எடுத்திருக்கிறாய்.

ஹரிணி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு இட்லி மாவு வாங்கப் போய்விட்டாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

எனக்கு என்ன ஆச்சரியம் என்றால், தோற்றதில் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை. ஒரே சந்தோஷம். நான் கட்டிக்கொண்ட பெண் இவ்வளவு பெரிய ஆட்டக்காரி என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வெங்கடம்மாளிடம் சொல்லியும்விட்டேன். மிக்ஸி சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

10 பிப்ரவரி, செவ்வாய்.

ஞாயிற்றுக்கிழமை இதற்குமேல் எழுத முடியாமல் நிறுத்திவிட்டேன். மீதியை இப்போது எழுதவில்லை என்றால் விமல்ராஜ் போய்விடுவான்.

மூன்று வருஷத்தில் மூன்று முறை என்னை அங்கே வரச் சொன்னாய். முதல் முறை குளிர் என்றேன். இரண்டாம் முறை வேலையை விட முடியாது என்றேன். போன வருஷம் வேலையும் விட்டாயிற்று, அப்போது கல்லாவி நிலத்துத் தென்னைக்கு யார் தண்ணீர் விடுவது என்றேன். அந்தத் தென்னையை வருஷத்துக்கு இரண்டு தடவைகூட நான் போய்ப் பார்ப்பதில்லை என்பது உனக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊத்தங்கரைக் கல்யாணத்தில் உன் பெரியப்பா மகன் மாதப்பன் பந்தியில் வைத்துக் கேட்டான்: "ஏன் மச்சான், பொண்டாட்டி கப்பல்ல போனா நீயும் பொட்டியத் தூக்கிட்டுப் பின்னாலயே போவியா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது உள்ளே தங்கிவிட்டது. இங்கே ஃபேக்டரிக்காரர்களுக்கு நான் இன்றைக்கும் குருமூர்த்தி சார். அங்கே வந்தால் என்னை யாரென்று கேட்பார்கள்? முனிலட்சுமியின் புருஷன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, முனி. குளிரும் இல்லை, தென்னையும் இல்லை. வெட்கம்தான். முப்பது வருஷமாக நீ அப்படித்தான் என் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்த ஊரில் இருந்தாய். அது எனக்குத் தோன்றவே இல்லை.

நீ இடம் மாறி உட்காரலாம் என்று கேட்டபோதே நான் மாறியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், எது எவ்வளவு கஷ்டம் என்று. உன் மெஷினில் நான் உட்கார்ந்து பார்க்க இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

நேற்று பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். ஆமாம், ஜனவரி கடைசியிலேயே விண்ணப்பித்துவிட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லை. ஹரிணிக்குத் தெரியும். இந்த வயதில் எதற்கு சார் வெளிநாடு, வேலைக்கா என்று கேட்டார். "பொண்டாட்டிகிட்டப் போறேன் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்லது, போய்ட்டு வாங்க என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்று இருந்தது.

நீ கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். உன் இஷ்டம் என்று நான் சொன்னதை மறந்துவிடு. என் இஷ்டம் நீ இருக்கிற வீட்டில் நானும் இருப்பது. அது ஓசூர் என்றால் ஓசூர், ஹங்கேரி என்றால் ஹங்கேரி. அங்கே உங்கள் ஃபேக்டரியில் அந்தப் புது உற்பத்தி லைன் ஓட ஆரம்பித்ததிலிருந்து உன் குரலே மாறியிருக்கிறது. அதை நான் கேட்காமல் இல்லை. பாதியில் விட்டுவிட்டு வந்தால் உன் மனசு அங்கேதான் கிடக்கும். எனக்காக என்று நினைத்துத் திரும்பாதே. உனக்கு இருக்க வேண்டும் என்றால் கையெழுத்துப் போடு.

அந்த நாட்டில் ஒரு காலத்தில் கொமடோர் நிறைய விற்றதாம், பழைய பொருள் சந்தையில் இன்னும் கிடைக்கும் என்கிறாள் ஹரிணி. ஐம்பதில் ஓடுகிற மெஷினாகப் பார்த்து ஒன்று வாங்கி வை. முழு நிறத்தில் உன் ஆட்டத்தை நீயே இன்னும் பார்த்ததில்லை. ஒரு ரவுண்டு நீ ஆடு, ஒரு ரவுண்டு நான். நிறத்துக்கு இந்த முறை ஒழுங்காக மார்க் போடுகிறேன். நம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1988 தீர்ப்பை அடித்துவிட்டு, அதன் கீழேயே திருத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஹரிணி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தமிழரசன் அண்ணனுக்கும் போன் செய்து சொன்னேன். எனக்கு அப்பவே சந்தேகம் என்கிறார், பொய்தான்.

நீ நல்லா இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. களி கிண்டினால் கட்டி தட்டாமல் பார்த்துக்கொள், நான் வரும்வரை அதைக் குறை சொல்ல அங்கே ஆள் இல்லை. பார்சல் கைக்கு வந்த அன்றே போன் செய். நீ வேறு எதுவும் பேச வேண்டாம். "வா" என்று மட்டும் சொல். அந்த ஒரு வார்த்தைக்காகப் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
முனிலட்சுமியின் புருஷன்
குருமூர்த்தி