மங்கை உடைத்த பூட்டும் மாடிக்குப் போன டீயும்

அன்பு மச்சான் சூசைக்கு,

எண் போடாமல் எனக்கு ஒரு கடிதமும் எழுத வராது என்று கேலி செய்வாய். இதுவும் அப்படித்தான்.

1. நாம் கேட்ட உதவித்தொகை கிடைக்கவில்லை.
2. கிடைக்காமல் போனதற்கு நானே காரணம்.
3. மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன். மங்கை சொன்ன பக்கம் அப்படியே இருக்கும்.
4. டீ விஷயத்தில் நீ வைத்த விதி தவறு.

ஐப்பசி மழையில் நீ போய்ச் சேர்ந்தாய். அடுத்த மாதமே முதுநகர் மீன் மார்க்கெட் பின்கொட்டகையில் நம் கூட்டம் கூடியது. வியாபாரம் முடிந்தபின் ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் கதையைச் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். நடுவில் உட்கார்ந்து பேச வைக்க நீ இல்லை. மூலையில் எழுதிக்கொண்டிருக்கும் நான் மட்டும் இருந்தேன். கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன்தான். ஆனாலும் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். இதை நடத்த எனக்கு என்ன தகுதி? நீயாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

உன் விதியை நான் தொடவில்லை. ஒருவர் சொன்ன கதையை மறுக்கிறவர், இருக்கிற எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அது அபராதம் என்றே நினைத்தேன். கையில் காசில்லாதவர் எப்படி மறுப்பார் என்று நான் சண்டை பிடிக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடுவாய். அதனால்தான் உதவித்தொகை விண்ணப்பத்தில், அந்தக் கதைகளைப் புத்தகமாக அச்சிடும் செலவோடு டீச் செலவையும் கேட்டிருந்தேன்.

நேர்காணல் சிதம்பரத்தில், கீழவீதிப் பக்கம் ஒரு மாடி அறையில். உன்னை அண்ணன் என்றே கூப்பிடும் மீன்கார மங்கையும் என்னோடு வந்தாள். பஸ்ஸிலேயே எச்சரித்தாள்: "சாரு, அங்க போயி 'பாக்குறேங்க, பாக்குறேங்க'ன்னு தலையாட்டாதீங்க. அப்புறம் நான் பேசிடுவேன்."

அறக்கட்டளைக்காரர்கள் மூன்று பேர். மரியாதையானவர்கள். அவர்களுக்கு இடித்தது நம் பிரதியில் வெள்ளம் பற்றிய இரண்டு பக்கங்கள். தண்ணீர் ஏறிய அன்று ஜனங்கள் ஒதுங்கக் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னது ஒரு பக்கம். சாவியோடு யாரும் வரவில்லை, பெண்கள்தான் பூட்டை உடைத்தோம் என்று மங்கை சொன்னது எதிர்ப்பக்கம்.

"ரெண்டுல எது சார் உண்மை?" என்றார் இளையவர்.

"ரெண்டு பேரும் அங்க இருந்தவங்க," என்றேன்.

"இந்தப் பூட்டு உடைச்சது மட்டும் வேணாமே. பெரியவங்க மனசு சங்கடப்படும். அத எடுத்துடுங்க, பணம் உடனே வந்துடும்."

பார்க்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மச்சான். மங்கை வலது உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பூட்டு கிழித்த அந்தத் தழும்பை நீயும் பார்த்திருக்கிறாய்.

"எடுக்க முடியாதுங்க," என்றேன். அந்தச் சொல் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் வந்துவிட்டது.

கொஞ்சம் வெளியே இருங்கள், பேசிக்கொள்கிறோம் என்றார்கள். கீழே இறங்கி வந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? எதிர்க் கடையில் எல்லோருக்கும் டீ சொல்லி மாடிக்கு அனுப்பினேன். மறுத்தவன் நானல்லவா? யோசிக்காமல் கை பழக்கப்படி செய்துவிட்டது.

மறுபடி உள்ளே போனதும் இளையவர் முகம் சுளித்தார். "டீ வாங்கிக் குடுத்து சமாதானம் பண்றீங்களா சார்?"

மங்கைதான் சொன்னாள்: "சமாதானம்லாம் இல்ல தம்பி. எங்க கொட்டாயில யாரு எதுத்துப் பேசுறாங்களோ அவுங்கதான் டீ வாங்கணும். சாரு உங்களோட சண்ட போட்டிருக்காரு. ஆறுறதுக்குள்ள குடிங்க."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். டீயோ கொதித்தது. அவர்கள் ஊதி ஊதிக் குடிப்பதற்குள் மங்கை அந்த நாளை முழுதாகச் சொல்லி முடித்தாள். இடுப்பளவு தண்ணீர், தோளில் பிள்ளைகள், மண்டப வாசலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தது, பிறகு ஐஸ் உடைக்கிற சுத்தியால் அடித்தது.

மூவரில் மூத்தவர் கேட்டார்: "அந்தப் பூட்டு இருக்காம்மா?"

"அது தண்ணியோட போச்சு சார். கை இருக்கு, பாருங்க."

பார்த்தார். ஆனாலும் பணம் இல்லை என்றே கடிதம் வந்தது. ஒருமித்த வரலாறு வேண்டுமாம். எந்த ஊரில் இருக்கிறது அப்படி ஒன்று? பணம் கொடுக்கிறவர் கணக்குக் கேட்கட்டும், ரசீது கேட்கட்டும். ஊர் எதை மறக்க வேண்டும் என்று சொல்ல அவர் யார்? இதைச் சொல்லும் துணிச்சல் அந்த அறையில் எனக்கு முழுதாக வரவில்லை. இங்கே, நம் கூட்டத்தின் நோட்டிலேயே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

வேறொரு அறக்கட்டளைக்கு விண்ணப்பம் தயார். அவர்களும் மறுத்தால் அடுத்தவர். கல்லறைத் திருநாளன்று மங்கையோடு உன்னிடம் வருவேன். புத்தகம் வந்திருந்தால் புத்தகம், இல்லாவிட்டால் என் கையெழுத்துப் பிரதி. இரண்டு பக்கங்களையும் உரக்கப் படிப்பேன். பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களுக்கும் கேட்கும்படி.

புதிய விண்ணப்பத்தில் டீச் செலவை மட்டும் அடித்துவிட்டேன். காசில்லாதவர் யாராவது மறுக்க வந்தால் அந்த டீ என்னுடையது. மற்றபடி, மேலே நான்காவதாக எழுதியது தவறு, மச்சான். அது அபராதமே இல்லை. கையில் சூடான டீயோடு எழுந்து போக முடியாது. குடித்து முடிக்கும்வரை, மறுக்கிறவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

மூலையை விட்டு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும்,
உன் மச்சான் தணிகாசலம்