அம்மாவின் சுருதியும் நாங்கள் நான்கு பேரும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே முழங்காலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடியில் தண்ணீர் கசிந்த இடத்தை அடைத்தாயிற்று, இப்போது வேறு இடத்தில் கசிகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் பேச ஆரம்பித்ததும் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவள் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயம் என்பதால்தான் கடிதம்.

ஒரே இசையமைப்பாளர் வயலினுக்கு எழுதிய அத்தனையையும் இந்த வருடம் மேடையில் வாசித்து முடிப்பது என்று அம்மா கிளம்பியிருப்பது உனக்குத் தெரியும். அந்த மனிதர் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, இருந்தும் இந்த வீட்டில் என்னைவிட அவருக்குத்தான் மரியாதை. நால்வர் சேர்ந்து வாசிக்கும் குவார்ட்டெட், பியானோவோடு வாசிக்கும் சொனாட்டா, கடைசியாக வயலின் மட்டும் தன்னந்தனியாக வாசிக்கும் சொனாட்டா. குவார்ட்டெட்டுகள் முடிந்துவிட்டன, நல்ல கைதட்டல். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அம்மாவுக்கு மெல்லிய கீச்சு ஒலிகள் கேட்பதில்லை. கதவுமணி கேட்பதில்லை, மைக்ரோவேவ் கூப்பிடுவது கேட்பதில்லை. வயது என்று விட்டுவிடலாம், ஆனால் வயலினில் உச்சிக்குப் போகும்போது விரல் ஒரு மயிரிழை கூடுதலாக ஏறிவிடுகிறது. காது காட்டாத இடத்தில் விரல் குத்துமதிப்பாகத்தானே நிற்கும். குவார்ட்டெட்டில் இது வெளியே தெரியவில்லை, ஏனென்றால் மற்ற மூவரும் கூடவே ஏறிவிட்டார்கள். இரண்டாம் வயலின் உன் சித்தி, அக்கா சொன்னால் பிறந்த தேதியையே மாற்றிக்கொள்வாள். செல்லோக்காரர் யாரையும் எதிர்த்து இதுவரை மூச்சுகூட விட்டதில்லை. வியோலா வாசிக்கும் பல் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "மேடம் ஏறுனா நாங்களும் ஏறிக்கறோம் சார், இறங்கும்போது சேர்ந்து இறங்கிடறோம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றார், பல்லைப் பிடுங்கும்போது வலிக்காது என்று சொல்கிற அதே குரலில்.

பியானோ மட்டும் ஏற மறுத்தது. எனவே பியானோ சரியில்லை என்று முடிவாகி, சுருதி சேர்ப்பவர் திரும்பத் திரும்ப வந்து போனார். பிறகு பியானோக்காரரே சரியில்லை என்று முடிவானது. ஒத்திகையில் அவர், பாவம், "நீங்க கொஞ்சம் மேல போறீங்களோ" என்று கேட்டுவிட்டார். "முதல்ல உங்க பெட்டியைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றாள் அம்மா. அவர் வரவே இல்லை. அந்தச் சொனாட்டாக்களை ரத்து செய்துவிட்டு, அதே நாளில் தனி சொனாட்டாவை வாசிப்பதாக அறிவித்துவிட்டாள். அடுத்த மாதக் கடைசியில் கச்சேரி, டிக்கெட் விற்றுவிட்டது. அதில் ஓர் இடம், ஒரு தந்தியில் உச்சிக்குப் போய், பக்கத்துத் தந்தியை விரலே வைக்காமல் சேர்த்து இழுக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சபைக்கே கேட்கும். விரல் படாத தந்தி யாருக்காகவும் ஏறாது. அதற்கு நம் குடும்ப விசுவாசம் கிடையாது.

சபையில் யாரோ முகம் சுளித்து அவள் தெரிந்துகொள்வதா, அதற்கு முன் நானே சொல்வதா? சொல்லி, அவள் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் பிறகு என்ன ஆவாள்? பள்ளிக்கூட மணி சுருதி சேரவில்லை என்று அழுதுகொண்டு வந்த காது உன்னுடையது. உன்னை வரச்சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று அவள் அந்த இடத்தை வாசித்தாள். நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். தந்தியை மாற்றிவிட்டு இன்னொரு முறை. எப்படி இருந்தது என்று கேட்டாள், பிரமாதம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வில்லைத் தளர்த்திக்கொண்டே, "ஏங்க, அவளை ஒருதரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க. நான் வாசிக்கறதை அவ கேக்கணும்" என்றாள்.

அதனால் வா. காது டாக்டரிடம் நேரம் வாங்கிவைக்கிறேன், எந்தக் காரணம் சொல்லி அழைத்துப்போவது என்பதை நீ வந்து யோசி. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மா வாசித்து முடித்ததும் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிடாதே. அதைச் சொல்ல இங்கே நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம்.

உன் மேல் உயிரான
அப்பா