எழுத்து அழிந்த வால்வுகள்

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

ஆறு கரையை உடைத்துக் கடைத்தெருவுக்குள் வந்ததே, கரி எஞ்சின் கடைசியாக ஓடி நின்றதே, உங்கள் சின்னவனுக்கு அம்மை போட்டதே, அந்த வருஷத்து விஷயம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கண் மங்கிவிட்டது என்று மருமகளை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன்.

அண்ணன் போன செய்தி வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முழங்கால் மடங்க மறுக்கிறது, நேரில் வர முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூடிய சினிமாக் கொட்டகையிலிருந்து அண்ணன், ஆம்பிளிஃபயரில் பல்பு மாதிரிச் செருகும் பழைய கண்ணாடி வால்வுகள் வாங்கி வந்திருந்தார். இரண்டு கம்பெனிச் சரக்கு. எது நன்றாகப் பாடுகிறது என்று தன் ஆம்பிளிஃபயரைக் கொண்டுவந்து போட்டுக் கேட்டுப் பார்க்க, நம் வாடிக்கைக்காரர் பாட்டுப் பைத்தியம் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார். அதற்குள் நம் ரேடியோ ரிப்பேர் பட்டறையில் வெள்ளம். அட்டைப்பெட்டியெல்லாம் கூழ். நான் நாற்பது வால்வையும் எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் ஈரத்துணியால் துடைத்து அடுக்கினேன்.

அண்ணன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். “பேர் எங்கடா?” என்றார். அந்தக் காலத்து வால்வில் கம்பெனி எழுத்து கட்டைவிரல் பட்டாலே போய்விடும். எழுத்துத் தெரிந்தவன் முதல் வால்விலேயே கையை நிறுத்தியிருப்பான். எனக்கு அது போகாத சேறாகத் தெரிந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

எட்டாவது படித்தவன் என்று பொய் சொல்லி அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அவள் நிறைமாதம். வேலை போனால் நடுத்தெரு.

நனைந்த ஸ்பீக்கரை உலர்த்திக்கொண்டிருந்த நீங்கள் என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தீர்கள். “தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும், அவனை ஏன் முறைக்கறீங்க? அவன் எடுக்கலைன்னா பேரும் இல்லை, வால்வும் இல்லை” என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. கம்பெனி வாரியாகப் பிரித்துத் தருகிறேன் என்றேன். எனக்கு எழுத்தெல்லாம் வால்வுக்குள்ளேதானே இருந்தது. ஒரு ஜாதிக்கு உள்ளே தகடு கறுப்பு. இன்னொன்றுக்குச் சாம்பல் நிறம், வரி வரியாக. அண்ணன் நம்பவில்லை. தண்ணீர் தொடாத மேல்தட்டில் பேரோடு இருந்த இரண்டை எடுத்து வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டோம். சூடு ஆறவிட்டு, துணியால் பிடித்து நான்தான் மாற்றி மாற்றிச் செருகினேன். சாம்பலில் பிடில் பளபளத்தது, பாடுகிறவர் ஓரடி பின்னால் போனார். கறுப்பில் அவர் பக்கத்தில் வந்து நின்றார். பேர் அழிந்துவிட்டது என்று அண்ணன் தயங்கிச் சொன்னதற்கு டாக்டர் சிரித்தார். “நல்லதாப் போச்சு. பேரைப் பார்த்தா காது அதுக்குத் தகுந்தாப்லதான் கேக்கும்” என்று கறுப்பை எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ரிப்பேர் சீட்டுகளை அண்ணன் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். “கண்ணாடி சரியா இருக்கான்னு பார்க்கறேன்” என்பார். முப்பத்தோரு வருஷம் அந்த மனுஷர் தினமும் கண்ணாடியைச் சோதித்தார். நீங்கள் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டீர்கள் என்பது இந்த மரமண்டைக்கு எத்தனையோ காலம் கழித்துத்தான் உறைத்தது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதுவரை எழுதிய மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை அம்மா, எனக்குப் படிக்கவே தெரியாது, நீ எழுது என்றேன். எழுதுகிறாள்.

என்னை ஒருநாளும் தலைகுனிய விடாதவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். டாக்டர் போய்ப் பத்து வருஷம். அண்ணனும் போய்விட்டார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அன்று அந்தப் பட்டறையில் நின்றவர்களில் நான் கையெடுத்துக் கும்பிட மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான், அண்ணி.