நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள்

ஜெனிஷா அப்பா,

ராக்கம்மா அக்காவையும் அவருடைய பேரப்பிள்ளைகளையும் கூட்டிவர வத்தேகமவுக்குப் போகிறேன். கடலை அவித்து வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பூ மட்டும் போட்டுவிடுங்கள்.

"வருசம் திரும்பாத வீட்டுல பாட்டு என்ன, கூட்டம் என்ன?" என்று நேற்றுக் கத்தினீர்கள். மண்சரிவில் போன நம் மகளையும் மற்றப் பிள்ளைகளையும் சர்ச்சுக்குள்தானே பெட்டி பெட்டியாக வைத்திருந்தார்கள்? மிஞ்சிய பிள்ளைகள் அந்தப் படியில் கால் வைக்கவே பயப்படுகிறார்கள். பெரியவர்களும்தான். அதனால்தான் இனி ஞாயிறுதோறும் எல்லாக் குடும்பமும் நம் வீட்டில் உட்கார்ந்து ஜெபித்து, சாப்பிட்டுப் போகட்டும் என்றேன். நீங்கள் பாட வேண்டாம். கதவைப் பூட்டிவிட்டு எங்கேயும் போய்விடாதீர்கள்.

செல்வமேரி

பாய் ஒன்று குறைகிறது. அலுமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருக்கிறீர்களே, ஜெனிஷாவுடைய பாய், அதையும் விரித்துவிடுங்கள். ஏதாவது ஒரு பிள்ளை உட்காரட்டும்.