மூன்றாவது குரல்

இன்று மத்தியானம் அலமாரியைக் குடைந்தபோது என் நாவலின் கார்பன் பிரதி கையில் வந்தது. உனக்குப் படிக்கக் கொடுத்தது. உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவி திருப்பிக் கொடுத்தாள். திறந்து பார்க்க இத்தனை வருடம் எனக்குத் தைரியம் வரவில்லை. தாள்களுக்கு நடுவிலிருந்து உன் மில்லின் பஞ்சுத் தூசி பறந்தது. தும்மினேன்.

சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப் அடித்து முடித்துவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறுவேன். மில் சங்கு ஊதியதும் புருவமெல்லாம் பஞ்சாக நீ வெளியே வருவாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாய். மூன்றாவது குரலுக்குத்தான், "என்னலே?" பேய் மூன்றாம் தடவை கூப்பிடாது என்று உன் அம்மா வளர்த்த வளர்ப்பு அது. செவிட்டுப் பயலே என்று மேஸ்திரி திட்டியும் நீ மாறவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாவல் எழுதியபோது அந்தப் பழக்கத்தைக் கதாநாயகனுக்குக் கொடுத்தேன். புருவத்துப் பஞ்சு, நடை எல்லாமே உன்னுடையவைதான். முடிவு மட்டும் என்னுடையது. உச்சி வெயிலில் முதல் குரலுக்கே "இந்தா வாரேன்" என்று எழுந்து போய் அவன் செத்துப்போவான்.

படித்துவிட்டு நீ சிரிக்கவில்லை. "அம்புட்டும் நாந்தாம்லே. அந்த ஒரு எடத்த மட்டும் மாத்திரு. நான் ஒத்தக் குரலுக்கு எந்திரிக்கிறவனா?"

"போலே, கதைக்கு அதுதான் உசுரு" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மாற்றாமலே அச்சுக்குக் கொடுத்தேன்.

புத்தகம் வந்த அடுத்த கோடையில் நீ போய்விட்டாய். துஷ்டி கேட்க வந்த என்னிடம் உன் மனைவி சொன்னாள்: "சோத்துல கைய வச்சிருந்தாவ, அண்ணே. திடீர்னு 'இந்தா வாரேன்'னு எந்திரிச்சாவ. எனக்கு ஒரு குரலும் கேக்கல. வாசப்படி தாண்டுனதும் விழுந்துட்டாவ."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கதையின் முடிவை நீ சொன்னதே இல்லை என்றாள்; நானும் சொன்னதில்லை.

இன்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "முதல் குரலுக்கே" என்பதில் "முதல்" என்பதைப் பென்சிலால் அடித்துவிட்டு, "மூன்றாவது" என்று கோணலாக எழுதியிருக்கிறாய். அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருக்கிறது. பாவி, இவ்வளவு பயந்தா கேட்டாய்?

அந்தப் பழக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் மூன்று எண்ணாமல் நான் எழுவதில்லை. வீட்டில் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சில நாள் உச்சி வெயிலில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், "ஏலே" என்று கேட்கிறது. உன் குரல்தான். செத்த நேரம் கழித்து இன்னொரு முறை. அதோடு நிறுத்திவிடுகிறாய். மூன்றாவது தடவை கூப்பிட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.