காற்று அடைத்த கால்

2025 பிப்ரவரி 11

நாலு வீடு முடிப்பதற்குள் காலின் முனை புண்ணாகிவிட்டது. தடுப்பூசிப் பெட்டியைவிட இந்தச் செயற்கைக் கால்தான் கனக்கிறது. லாரி மோதி, வலது முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒன்றரை வருடம். நடக்காமல் கிராமச் செவிலியர் வேலை ஏது? சுகாதார நிலைய டாக்டரம்மா நல்ல மனதோடுதான் சொன்னார்: “ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலைக்கு மாத்தித் தாரேன். மே மாசத்துக்குள்ள சொல்லுங்க.”

தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 19

என் வீட்டுக்காரர் ஜெரோம், தான் வேலை பார்க்கும் இன்ஜினியரிங் கல்லூரிக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கே ஆராய்ச்சி செய்யும் ஹாமித், பேகம்பூர்ப் பையன். உள்ளங்கையில் வெள்ளை மாவு போல எதையோ கொட்டிக் காட்டினான். “ஒவ்வொண்ணும் கண்ணாடிக் குமிழ்க்கா. உள்ள வெறும் காத்துதான்.” உருக்கிய பிளாஸ்டிக்கில் அதைக் கலந்தால், இயந்திரம் இழை இழையாகப் பிழிந்து அடுக்குகிறது. அடுக்கி முடித்த துண்டைத் தண்ணீரில் போட்டான். மிதந்தது!

“இதுல உங்களுக்குக் கால் செய்யலாம்க்கா.”

அழுதுவிடுவேனோ என்று பயந்து, டீ கேட்டேன்.

மார்ச் 14

புதுக் கால் வந்துவிட்டது; பழையதில் பாதி எடைகூட இல்லை. கல்லூரி மைதானத்தில் மூன்று சுற்று நடந்தேன். ஆண்டவரே, நன்றி.

மார்ச் 16

உடைந்துவிட்டது. கல்லூரிப் படியில் இறங்கித் திரும்பும்போது சடக்கென்று — அவ்வளவுதான். முழங்கை சிராய்ப்பு, உதட்டில் ரத்தம். ஹாமித்தைப் பார்க்கத்தான் முடியவில்லை; முகம் வெளுத்துவிட்டது. “இனிமே உங்கமேல சோதிக்க மாட்டேன்க்கா. என்னைய மன்னிச்சிருங்க.”

வீட்டுக்கு வந்து ஜெரோமிடம் கத்தினேன். எனக்கு எதுக்கு இந்த ஆசையெல்லாம்? உக்காந்தே வேல பாத்தா என்ன, செத்தா போயிருவேன்?

மார்ச் 20

நானே போனில் கூப்பிட்டேன். “தம்பி, நீ விட்டுட்டா நான் யார்கிட்ட போறது?”

“வாங்கக்கா” என்றான்.

ஏப்ரல் 17

உடைந்த இடத்தைக் காட்டினான். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் பிரிந்திருக்கிறது. எடை குறைய வேண்டுமென்று குமிழை அளவுக்கு மீறிக் கலந்துவிட்டானாம். இப்போது குமிழைக் குறைத்து, கார்பன் நாரைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, அடுக்கும் திசையையும் மாற்றியிருக்கிறான். முதல் காலை அமுக்கி மட்டும் பார்த்தார்களாம். இந்த முறை முறுக்கியும் பார்த்திருக்கிறார்கள். மேசையில் வரிசையாக ஆறு கால்கள், எல்லாம் உடைந்தவை. ஏழாவது முறுக்கியும் உடையவில்லை.

எனக்குப் பதிலாக ஆறு கால்கள் உடைந்திருக்கின்றன. எனக்காக இப்படி மெனக்கெட்டவர்கள் எத்தனை பேர்?

அந்த ஏழாவதைத்தான் மாட்டிக்கொண்டேன். முதல் கால் அளவுக்கு லேசு இல்லை. பரவாயில்லை, இது தாங்குகிறது.

மே 5

இரண்டரை வாரமாகத் தினமும் நடந்து பார்த்தாயிற்று. டாக்டரம்மாவிடம் போய், “நான் ஊருக்குள்ளேயே போறேன் மேடம்” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 24

ஒன்பது வீடு. கடைசியாகத் தோட்டத்து வீட்டுப் பானுப்ரியா. கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். என் செயற்கைக் காலைச் சேலை மூடியிருந்தது. அவள் ஊருக்குப் புதிது, என் காலைப் பற்றி எதுவும் தெரியாது.

“பத்து மணிக்கு வாரேன்னுட்டு இப்பத்தான் வாரீகளா? பிள்ளையத் தூங்கவிடாம எம்புட்டு நேரந்தான் வச்சிருக்கிறது? செத்த வெரசா நடந்து வந்தா என்னவாம்?”

“தப்புதான்த்தா” என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது.